தொடாதே என்ற சொல்

ஸ்டைல்ஷீட் எழுத மென்பொருள் தேடுகிறவர்கள், அதில் எழுத்து கண்ணுக்கு இதமாகத் தெரிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாள் முழுக்க அந்தத் திரையோடுதான் குடித்தனம். மற்ற வசதிகளெல்லாம் அப்புறம். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் இப்படிச் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கண்ணில் நீர் வடிய ஆரம்பித்ததும் என்னிடமே வந்து நிற்பார்கள்.

ஐயா, உங்களுக்கு இந்தத் தொழில் புதிது என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு வலைப்பக்கத்தில் எது என்ன நிறத்தில் இருக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், கண்ணில் பட வேண்டுமா மறைந்திருக்க வேண்டுமா என்று விதிகள் எழுதிவைக்கும் கோப்புதான் ஸ்டைல்ஷீட். எங்கள் அலுவலகத்தில் அந்த வேலைக்கு ஆதியிலிருந்தே நான்தான். எந்த அலங்காரமும் இல்லாத, எழுத்தை மட்டும் காட்டும் ஒரு சாதாரண மென்பொருளில் கையாலேயே அடிப்பேன். ஒரு பக்கம் கோணலாகத் தெரிந்தால் எல்லாரும் என் மேசைக்குத்தான் வருவார்கள்.

என் மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். பையனுக்கு வேலை இல்லை என்று அவள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். முதலாளியிடம் பேசினேன், என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். மரியாதை தெரிந்தவன். வாய்க்கு வாய் மாமா, மாமா என்பான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் வரும்போதே ஒரு மென்பொருளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அலுவலகத்தில் அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்தைத் திரையில் பார்த்தபடியே நிறத்தை மாற்றலாம், பெட்டியை இழுத்து நகர்த்தலாம், விதிகளை அதுவே எழுதிக்கொள்ளும். கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கத்தில் பயன்படாமல் கிடக்கும் விதிகளையெல்லாம் தேடிக் கூட்டித் தள்ளிவிடும். நான் அரைநாள் உட்கார்ந்து செய்யும் வேலையை அவன் டீ ஆறுவதற்குள் முடித்தான். மேசைக்கு வருகிறவர்கள் ஒரு நாற்காலி தள்ளிப் போக ஆரம்பித்தார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். சொந்தக்காரர்கள் வந்தால் என் மனைவி கைப்பேசியை எடுத்து நீட்டுவாள். "இது என் தம்பி பண்ண பக்கம், பாருங்களேன், எவ்வளவு அழகா இருக்கு." அதே கைப்பேசியில் நான் செய்த பக்கங்களும் உண்டு. எது என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான வேறு சொல் இருக்கலாம், நான் தேடவில்லை.

முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கிட்டு அடிச்சிக்க வேணாம். எல்லாரும் ஒரே டூலுக்கு மாறிடுவோம். உங்களுதா, அவனுதா? நீங்களே பார்த்து முடிவு பண்ணிச் சொல்லுங்க. உங்க வார்த்தைதான்" என்றார். ஓர் ஆஸ்பத்திரிக்காகச் செய்துகொண்டிருந்த பக்கத்தைத் துடைப்பத்துக்கு வெள்ளோட்டமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணம் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மென்பொருள்தான். காரணம் இல்லாமல் வேண்டாம் என்றால் ஊர் அதைப் பொறாமை என்றுதானே சொல்லும். ஆகவே ஒரு காரணத்தை உண்டாக்க வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் பெற்றோர்களுக்கானது. குழந்தையின் வயதைப் போட்டால் காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்று காட்டும். கைக்குழந்தையாக இருந்தால் மட்டும் அந்த அளவை மறைத்துக்கொண்டு ஒரு சிவப்புப் பெட்டி வர வேண்டும்: இந்த மருந்தைக் கொடுக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் வாருங்கள். பெட்டி எப்போதும் பக்கத்திலேயேதான் இருக்கும். மறைந்திரு என்று அதற்கு ஒரு விதி, கைக்குழந்தை வயதைப் போட்டால் வெளியே வா என்று இன்னொரு விதி. துடைப்பத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அது பார்க்கும் நேரத்தில் வேலை செய்யாமல் இருக்கும் விதியை வேண்டாத விதி என்று நினைத்துவிடும். அதனால் அப்படிப்பட்ட விதிகளுக்கு மேலே தொடாதே என்று ஒரு சொல்லை எழுதிவைக்க வேண்டும். அதைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடும். என் மச்சினன் மறக்காமல் எழுதிவைத்திருந்தான்.

அன்றைக்கு அவன் எழுந்து, "மாமா, டீ வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள ஒருதடவ பார்த்துடுங்க. நீங்க பார்த்துட்டா எனக்குப் பயமில்ல" என்றான்.

பார்த்தேன். அந்தச் சொல்லை அழித்தேன். நான் அழித்தது ஒரு சொல்லை மட்டும்தான். விதியை நான் தொடவே இல்லை. அவன் வந்து, டீயை என் கையில் கொடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினான். துடைப்பம் தன் வேலையைச் செய்தது. சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

வெளியிடுவதற்கு முன் கடைசியாகச் சரிபார்க்க வேண்டியவனும் நான்தான். கைக்குழந்தையின் வயதைப் போட்டுப் பார்த்தேன். சிவப்புப் பெட்டி வரவில்லை. மருந்தின் அளவு மட்டும் அழகான நீல எழுத்தில் வந்தது. எழுத்துக்கும் ஓரத்துக்கும் இடையே இடைவெளி போதவில்லை என்று பட்டது, அதை மட்டும் சரிசெய்து அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புகார் வரும், முதலாளி முகத்தைச் சுளிப்பார், துடைப்பம் வெளியே போகும், அவ்வளவுதான் என் கணக்கு. புகார் வரவும் செய்தது. ஒரு நர்ஸ் கூப்பிட்டார், நான்தான் எடுத்தேன். "சார், பச்சக் குழந்தைன்னு போட்டா ஒரு சிவப்புப் பெட்டி வரும்னு சொன்னீங்களே, அது வரவே மாட்டேங்குது. கொஞ்சம் பார்க்குறீங்களா?" என்றார். பார்க்கிறேன் அம்மா என்றேன்.

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். மச்சினனிடம் சொன்னால் அந்த விதியைத் துடைப்பத்தை வைத்தே கண்மூடித் திறப்பதற்குள் திரும்ப எழுதிவிடுவான். எவ்வளவு வேகம் பாருங்கள் என்று அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். புகார், துடைப்பத்துக்கு விளம்பரமாகப் போய்விடும். ஒரு நர்ஸின் புகார் போதாது என்று அப்போது புரிந்தது. பெரிதாக ஏதாவது வேண்டும். அவர் மறுபடியும் கூப்பிட்டபோது, வேலை நடந்துகொண்டிருக்கிறது அம்மா என்றேன்.

பெண் குழந்தை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதன் அம்மா பக்கத்தில் காட்டிய அளவை அப்படியே கொடுத்திருக்கிறார். காய்ச்சல் குறையாததால் மறுபடியும், மறுபடியும் கொடுத்திருக்கிறார். குழந்தை பிழைக்கவில்லை. அவர்மேல் தப்பு சொல்ல முடியாது.

இவ்வளவு ஆன பிறகும் துடைப்பம் வெளியே போகவில்லை. மென்பொருள் சரியாகத்தான் இருக்கிறது, தொடாதே என்று எழுத மறந்தது மனிதத் தவறு என்று முதலாளி சொல்லிவிட்டார். நீங்கள் என் மச்சினனை விசாரித்தபோது, எழுதிய ஞாபகம் இருக்கிறது என்றுகூட அவன் வாதாடவில்லை. "நான்தான் விட்டிருப்பேன் சார். தப்பு என்னுதுதான். மாமா பாவம், என்னை நம்பி அனுப்பிட்டாரு" என்று தலைகுனிந்து நின்றானாம். என்னைக் காப்பாற்றுகிறான் என்று அவனுக்கு நினைப்பு.

அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. வருகிறவர்கள் எல்லாரிடமும் என் மனைவி அழுதுகொண்டே சொல்கிறாள். "அந்த வயசுல யாருங்க இப்படி ஒத்துக்குவா? மழுப்பாம, அடுத்தவங்க மேல பழி போடாம. தங்கமான மனசுங்க அவனுக்கு." முதலாளியே கண்கலங்கினார். நேற்று அந்தக் குழந்தையின் அப்பா வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவன் கும்பிட்டபடி நின்றான். அவர் கிட்டே வந்து, அவன் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். நான் கதவோரமாக நின்று பார்த்தேன். ஐயா, அந்தக் கை வந்திருக்க வேண்டியது என் தோளுக்கு.

செய்யாத ஒன்றை ஒத்துக்கொண்டு அவன் இவ்வளவு பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறான். அது நியாயமில்லை என்று பட்டதால்தான் வந்தேன். அந்தச் சொல்லை அழித்தவன் நான். பெட்டி வராது என்று தெரிந்தே அனுப்பியவன் நான். நர்ஸ் சொன்ன பிறகும் காத்திருந்தவன் நான். இதில் அவனுக்கு ஒரு பங்கும் கிடையாது.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் என் மனைவியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவள் தம்பி நீங்கள் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டான். என்னை யாரும் கேட்கவே இல்லை.