பைசானுக்குப் போட்ட உப்புக்கண்டம்

கொழுப்பை முழுக்க எடுத்துவிட வேண்டும், மேடம். உப்புக்கண்டம் போடுவதில் பாதி வேலை அதுதான். துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் நாலாம் நாள் சிக்கு வாடை வந்துவிடும். பிறகு கறியை நாரோட்டத்தோடு நீளவாக்கில் அரிய வேண்டும். குறுக்கே அரிந்தால் காய்ந்ததும் பொடிந்துபோகும்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மராத்தியில் மாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதால் நிதானமாக எழுதுகிறேன். என் பெயர் சஃபீனா. வயது நாற்பத்தொன்று. மேலப்பாளையத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவியில். இறந்துபோன பைசான் என் தம்பி. உம்மா மௌத்தானபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. வாப்பா லெதர் பட்டறையிலேயே கிடந்தார். பிறகு அவரும் போய்விட்டார். எனக்கு மூன்று இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மூன்று பேரும் நல்லவர்கள்தான். தம்பியையும் கூட்டிக்கொண்டு வா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதனால் நான் போகவில்லை. இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

சின்னதில் அவன் குண்டாக இருப்பான். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். பத்தொன்பது வயதில் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தவன், செம்பூரில் ஒரு ஜிம்மில் டிரெய்னராகவே ஆகிவிட்டான். சோற்றை விட்டான், சர்க்கரையை விட்டான், சோற்றில் நான் ஊற்றும் ஆணத்தையும் விட்டான். ஒருநாள் ஜெர்க்கி என்று வெளிநாட்டுப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். டயட்டில் இருப்பவர்கள் மாலைப் பசிக்கு இதைத்தான் தின்கிறார்கள், முழுக்கப் புரோட்டீன் என்றான். வாயில் போட்டுப் பார்த்தேன். இது நம்ம உப்புக்கண்டம்தானலே என்றேன். மறுநாளே தகரக் கூரைமேல் வலை கட்டிக் காயப்போட்டேன். சோற்றை விட்டவனுக்கு என் கையால் கொடுக்க இந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அவன் தின்றதைப் பார்த்து ஜிம்முக்கு வருகிறவர்களும் கேட்டார்கள். கோழி நெஞ்சுக்கறியிலும் போட்டுக் கொடுத்தேன். அப்படிக் கேட்டவர்களில் ஒருத்திதான் அஃப்ஷா. வாஷியில் ஆபீஸ் வேலை. எடை குறைக்க ஜிம்முக்கு வந்தவள். பாக்கெட்டுக்கு லேபிள் அவள்தான் வரைந்து கொடுத்தாள். நல்ல பெண். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. நிக்காஹ் முடிந்ததும் கோபர்கைரனேயில் ஃபிளாட் பார்த்துப் போகப்போகிறோம் என்று பைசான் சொன்னபோது, சமையலறை பெரிதாக இருக்கிறதா என்றுதான் கேட்டேன். அவன் சிரித்தான். ரெண்டு பேரும் டயட்ல இருக்கோம், கிச்சன் எதுக்கு லாத்தா என்றான்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும் என்று பெண் வீட்டில் கேட்டார்கள். நியாயமான பேச்சு. லேப்பில் பைசான் என் நம்பரைக் கொடுத்திருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே எல்லா ஃபாரத்திலும் என் நம்பரைத்தான் எழுதுவான். ஜூன் மாதம், நல்ல மழை. ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தில் கிட்னிக்கு நேராக ஒரு எண் சிவப்பில் இருந்தது.

யாரோ தெரிந்தவர்களுடையது என்று சொல்லி, எங்கள் பக்கத்து டாக்டரிடம் காட்டினேன். கிட்னி பாதிக்குமேல் கெட்டிருக்கிறது, உப்பையும் இந்த ஜிம் சாப்பாட்டையும் உடனே நிறுத்த வேண்டும், பிரஷருக்கு மாத்திரை போட வேண்டும், இப்போதே கவனித்தால் பல வருஷம் தள்ளலாம் என்றார். கவனிக்காவிட்டால் என்று கேட்டேன். யாராவது ஒரு கிட்னி கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். குடையை விரிக்க மறந்து, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். பைசான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ரிப்போர்ட் வந்துச்சா லாத்தா?"

"வந்துச்சு. எல்லாம் நல்லாத்தான் இருக்குலே."

அவன் தட்டில் உப்புக்கண்டம் வைத்தேன். போனைப் பார்த்துக்கொண்டே தின்றான். பெண் வீட்டுக்கு முதல் இரண்டு பக்கத்தை மட்டும் அனுப்பினேன். அவர்கள் கேட்டிருந்த சங்கதியெல்லாம் அந்த இரண்டு பக்கத்திலேயே இருந்தது.

ஆகஸ்டில் நிக்காஹ் நடந்தது. மாட்டுங்காவில் ஹால் எடுத்திருந்தோம். பிறகு வாரம் ஒருமுறை நானே கோபர்கைரனேக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குர்லாவில் ஒரு ரயில் மாறி, வாஷியில் இன்னொன்று மாற வேண்டும். சிரமம்தான். ஆனால் வெளி ஆளிடம் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வராது. அவனுக்கு என்று தனியாகப் போடுவேன். அதில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஏன் இவ்வளவு உப்பு என்று ஒருமுறை அவனே கேட்டான். மழைக்காலம், கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் அல்லவா என்றேன். நவம்பரில் மழை இல்லை. நவம்பரில் அவன் கேட்கவும் இல்லை.

ஜனவரியில் ஜிம்மிலேயே மயங்கி விழுந்தான். காலெல்லாம் வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ். கோபர்கைரனேயிலிருந்து அத்தனை தூரம் அலைய முடியாது என்பதால் என் வீட்டுக்கே வந்துவிட்டான். எங்கள் வீட்டில் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் இரும்பு ஏணி. கீழே கட்டில் போட்டுக் கொடுத்தேன். காலையில் முகம் துடைத்துவிடுவேன். பிடித்துக்கொண்டு நடப்பான். ஆறு வயதில் எப்படி என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தானோ, அப்படி. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேனா என்று நேற்று கேட்டீர்கள். இருந்தேன்.

என் கிட்னியைத் தருகிறேன் என்று சொன்னபோது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒனக்கு நான் என்ன செஞ்சேன் லாத்தா, எனக்குப் போயி இவ்வளவும் செய்யுதியே" என்றான். நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். நான் நினைத்தது இவ்வளவுதான், மேடம். என்னில் ஒன்று அவனுக்குள் இருக்கும். பிறகு அவன் எங்கே போய் இருந்தாலும் பரவாயில்லை. எல்லாருக்கும் நல்லதாகவே முடியும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னைச் சோதித்துவிட்டு முடியாது என்றார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறதாம், பிரஷரும் இருக்கிறதாம். என்னை ஒருநாளும் ஒரு டாக்டரிடம் நான் காட்டிக்கொண்டதில்லை. அஃப்ஷாவுடையது பொருந்தியது. அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. சளிகிளி பிடித்துவிடக் கூடாது என்று அதற்கு முந்தைய வாரமே அவளை வாஷிக்கு, அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பைசானுக்கு அப்போது உப்பு கிடையாது. தண்ணீரும் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான். வெள்ளிக்கிழமை டயாலிஸிஸ் முடிந்தால் அடுத்தது திங்கள். நடுவே இரண்டு நாள் உடம்பில் சேரும் தண்ணீர் வெளியேற வழியில்லை என்று நர்ஸ் எனக்குப் படம் போட்டே விளக்கியிருந்தாள். சனிக்கிழமை அவன் நாக்குக்கு ருசியாக ஏதாவது கேட்டான். உப்புக்கண்டம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் கொடுத்தேன். தாகம் எடுத்தது. குடத்தை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தேன். திங்கள் காலை மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போனேன். நடந்துதான் போனேன். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது.

அஃப்ஷாவுக்குத் தெரிந்தது ரிப்போர்ட் மட்டும்தான். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும், அவனுடைய சின்ன வயதுப் போட்டோக்களை எடுத்துக்கொள்ள என் போனைக் கேட்டாள். கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, இதுல மூணு பேஜ் இருக்கு. எங்களுக்கு ரெண்டுதான வந்துச்சு?"

சத்தம் போடவில்லை. தேதியைப் பெரிதாக்கிக் காட்டினாள். அவள் அந்தப் பக்கத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் உங்களிடம் கொடுத்த புகாரில் சனி, ஞாயிறு சங்கதி இருக்காது, அது அவளுக்குத் தெரியாது. அதை நானாகத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாற்பது நாளும் நான் கறி அரிந்துகொண்டுதான் இருந்தேன். ஆர்டர் இருந்தது. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு மேலே உட்கார்ந்து அரிவேன். கீழே அவன் படுத்திருந்த காலிக் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் கேட்கும். பேச்சு இல்லை, முனகல் இல்லை. காய்ந்த நாக்கு அண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம். கத்தியை வைத்துவிட்டு இறங்கி, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பேன். ஏறி வந்து இரண்டு துண்டு அரிவதற்குள் மறுபடி கேட்கும். இறங்கிப் பார்த்தால் தண்ணீர் வைத்தபடி இருக்கும். இன்னொரு டம்ளர் வைப்பேன். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், கட்டிலைச் சுற்றிப் பதினோரு டம்ளர் இருந்தது. இங்கே வந்த பிறகும் கேட்கிறது. நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துகிறீர்களே, அந்த இடைவெளியில். அதனால்தான் சில நேரம் உடனே பதில் சொல்வதில்லை. மறைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் தம்பியைக் கொன்றது நான்தான். அஃப்ஷாவுடைய ஒன்று அவனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அவன் முழுக்க அவளுடையவன் ஆகிவிடுவான் என்று நினைத்தேன். அதைத் தாங்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அஃப்ஷா சரியாகச் சாப்பிடுவதில்லை, பாதியாக இளைத்துவிட்டாள் என்று நேற்று சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. அந்த வீட்டில் அவளுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்துபோட யாருக்கும் தெரியாது. நீங்கள் அனுமதித்தால் அவளுக்கு நான் ஏதாவது செய்து அனுப்புகிறேன். என் கையால் வாங்க மாட்டாள் என்று சொல்வீர்கள். முதலில் அப்படித்தான் இருக்கும், மேடம். பைசானும் அந்தச் சனிக்கிழமை உப்புக்கண்டத்தைப் பார்த்ததும் வேண்டாம் வேண்டாம் என்றுதான் வாயை இறுக மூடிக்கொண்டான்.