சாய்ந்த புள்ளி

ஹலோ… ஹலோ! கோலாருங்களா?… சத்தமாப் பேசுங்க, ஒண்ணும் கேக்கல… ஆரு, மாதையனுங்களா?… ஆமாங்க, ஆமாங்க, சேலம் உபகாரசாமிதானுங்க. செவ்வாப்பேட்டை பார்சல் ஆபீசுல இருந்து பேசறனுங்க… காலையில ட்ரங்கால் புக் பண்ணுனது, இப்பத்தான் லைன் குடுத்தாங்க. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல எனக்கு…

…வந்துருச்சுங்க, மூட்டை நல்லபடியா வந்துருச்சு… இல்லீங்க, குறை ஒண்ணும் இல்லீங்க… இருங்க, இருங்க, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் பழைய சாமான் மூட்டைக்குள்ள ஒரு சாக்கெட் இருந்துச்சுங்க… ஸ்பேனர் இல்லீங்க, சாக்கெட்டு. நட்டு மேல தொப்பியாட்டம் கவுந்துக்குமே, மேல சதுர ஓட்டை இருக்கும், அதுல ராட்செட்டுக் கைப்பிடியை மாட்டி டக்கு டக்குன்னு திருப்புவாங்களே… ஆங், அதேதான்…

…இல்லீங்க, அம்புக்குறி போட்டது வேற. அது இங்கிலீஸ்காரன் பட்டாளத்துது, மூட்டையில நாலஞ்சு இருக்குது. நான் கேக்கறது அமெரிக்காக்காரன் சாமான். இடுப்பைச் சுத்திச் சொரசொரன்னு ஒரு பட்டை ஓடும். சண்டை முடிஞ்சு ஏலத்துல உட்டாங்க பாருங்க, அந்த வகை… ஆமாங்க. அந்தப் பட்டைக்குக் கீழ பஞ்ச் உளி வெச்சு அடிச்ச புள்ளி, சிலுவையாட்டம். மேல ஒண்ணு, ரெண்டு பக்கம் ஒவ்வொண்ணு, கீழ ஒண்ணு…

…அதான், அதான்! நான் எப்பவும் உங்ககிட்டக் கேக்கற குறி. அதைக் குடுத்தது ஆரு?… ஞாபகப்படுத்திப் பாருங்க, அவசரமில்ல… அவசரந்தானுங்க, பொய் சொல்லப்படாது… ஆரு?… ராயப்பனா? எந்த ராயப்பன்?… உங்க கடைக்குப் பின்னாடி லாரி ஷெட்டுல மெக்கானிக்கா… எத்தனை வருசமா?… ஓ, பெல்லாரிப் பக்கம் இருந்து வந்தவரா…

மாதையன், ஒண்ணு கேக்கறன். அவரு சுத்தியலை எந்தக் கையில புடிக்கறாரு?…

…ஏனுங்க, போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்களே… பாக்கவே வேண்டாமா?…

…எடது கைங்களா.

…ம்… இருக்கறனுங்க, லைன்லதான் இருக்கறன்… சிலுவை போடறவங்க பல பேரு இருக்கறாங்கங்க. நம்ம வேதக்கார சனத்துல எந்த மெக்கானிக் பெட்டியைத் தொறந்தாலும் ஒரு சிலுவை இருக்கும். அதை நம்பி நான் மதுரைக்கும் திருச்சிக்கும் போயி ஏமாந்து வந்திருக்கறன். ஆனா இதுல கீழ்ப்புள்ளி நேரா உழுகலீங்க. ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்குது. எடது கைக்காரன் அடிச்சா அப்படித்தான் சாயும்… எங்கண்ணன் சாமான் அத்தனையிலயும் அப்படித்தான் சாஞ்சிருக்கும்…

…ஆமாங்க. எங்கண்ணன்… அதெல்லாம் அப்பறம் சொல்றன், நீங்க போயி அவரைக் கூட்டிட்டு வாங்க… எம் பேரைச் சொல்லாதீங்க! சேலமுன்னும் சொல்லாதீங்க. பார்சல்ல ஒரு சந்தேகம், மெக்கானிக்குத்தான் தெரியுமுன்னு சொல்லுங்க… ரிசீவரைக் கீழ வெச்சுட்டுப் போங்க, மாட்டிராதீங்க! மாட்டுனா லைன் போயிரும்… போங்க சாமி, போங்க.

…அண்ணி, இப்படி வந்து இந்த ஸ்டூல்ல உக்காருங்க… கூட்டியாறப் போயிருக்கறாரு… அவராத்தான் இருக்கணும், எடது கைங்கறாரு… சரி, உக்கார வேண்டாம், நில்லுங்க…

…ஆரு, எக்சேஞ்சு அம்மாவா?… இல்லீங்கம்மா, உங்ககிட்ட இல்ல, பக்கத்துல எங்கண்ணி நிக்கறாங்க, அவங்ககிட்டச் சொன்னன்… மூணு நிமிசம் ஆயிருச்சுங்களா? இன்னொரு மூணு குடுங்கம்மா… ஆளைக் கூட்டியாறப் போயிருக்கறாங்க. லைனை மட்டும் எடுத்துராதீங்க, உங்களுக்குக் கோயில் கட்டறன்…

…பேசிட்டிருந்ததைக் கேட்டீங்களா? பரவால்லீங்கம்மா, கேளுங்க, ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது… எங்கண்ணன் பேரு மிக்கேலுங்க. நாமக்கல்லுல ஒரு பஸ் ஷெட்டுல மெக்கானிக்கு. நயா பைசா வரதுக்கு முந்தி, பத்து வருசம் இருக்கும், புதுச்சத்திரத்துக்கிட்ட ஒரு பஸ் முன்சக்கரம் கழண்டு பாலத்துக்குக் கீழ உழுந்துச்சு. ரெண்டு பேரு செத்துட்டாங்க. அந்தச் சக்கரத்தை மொத நாளு மாட்டுனது எங்கண்ணன். நட்டு சரியா முடுக்கலயின்னு அன்னிக்கு அங்க ஒரே கூச்சல். சாமான் பையைத் தோள்ல போட்டுட்டு வெளிய போனவருதான்… இல்லீங்க, ஒரு கடுதாசி இல்ல, ஒண்ணுமில்ல…

…அதானுங்கம்மா. எனக்கு மெக்கானிக் வேலையே தெரியாது. பார்சல் புக்கிங்குதான் எம் பொழப்பு. ஆனா கை ஓஞ்சு போன மெக்கானிக்கு மொதல்ல விக்கறது சாமானைத்தானே? எங்கயாவது ஒரு நாளு விக்காமயா இருப்பாருன்னு, பழைய இரும்புக்காரங்க அத்தனை பேரையும் புடிச்சு வெச்சன். ராட்செட்டு, சாக்கெட்டு, ஸ்பேனரு, என்ன வந்தாலும் வாங்கிக் கழுவிக் குறியைப் பாக்கறது. ஊட்டுல காலு வெக்க எடமில்ல, இரும்புப் பைத்தியமுன்னு எனக்குப் பேரு…

…ஆங்… சத்தம் கேக்குதுங்கம்மா. ஆரோ வாராங்க… ஆமா, ஆமா, எடுத்தாச்சு…

ஹலோ… ராயப்பனுங்களா?

…நான் பார்சல் ஆபீசுங்க. அந்த மூட்டையில வந்த சாக்கெட்டு… ஹலோ, இருக்கறீங்களா?… சாமானுக்குச் சீட்டு ஒட்டணுமுங்க. இது விட்வொர்த்து, அதான் இங்கிலீஸ்காரன் அளவுதானுங்களே? அப்படித்தான் எழுதி வெச்சிருக்கறன்…

…இல்லீங்களா?… அப்படீங்களா… சரி… சரி… விட்வொர்த்துல எழுதியிருக்கற அளவு போல்ட்டோட தடிமனா… ஓ, இது அமெரிக்கா அளவா, நட்டோட அகலத்தைத்தான் எழுதியிருப்பானா… ஆமாங்க… ஆமாங்க… மாத்திப் போட்டா நட்டு முனை மழுங்கிரும், சரிதானுங்க… இன்னும் கொஞ்சம் சொல்லுங்க, எழுதிக்கறன்… சொல்லுங்க, நிறுத்தாதீங்க… சும்மா எதையாவது சொல்லுங்க…

அண்ணா.

…அண்ணா! வெச்சுராத! ரிசீவரை வெச்சுராதண்ணா! நான் உபகாரம்… தப்பாச் சொன்னா உனக்குப் பொறுக்காதுன்னுதான் விட்வொர்த்துன்னன்… ஹலோ… மூச்சு உடறது கேக்குது, இருக்கற. பேசாட்டிப் போவுது, கேட்டுட்டு மட்டும் நில்லு…

…என்னது?… ஆரு நிக்கறா?… போலீசா? இங்க எதுக்குப் போலீசு? பார்சல் ஆபீசுல நானும்… நான்தான் நிக்கறன். ஆருமில்ல…

…இரு, மெதுவாச் சொல்லு, புரியல… மாதையன் சொன்னாரா? சேலத்துல ஒருத்தன் சிலுவைக்குறி போட்ட சாமானாத் தேடறான்னு?… எப்ப சொன்னாரு?… போன தைக்கேவா?… அப்ப இத்தனை மாசம்… தேடறது போலீசுன்னு நெனச்சயா?… ஐயோ சாமி…

…அப்படின்னா அந்த சாக்கெட்டை… விக்கலயா நீ? அவரு கடையில மூட்டை கட்டறப்ப நீயாவே போட்டயா?… போட்டுட்டு மறுபடியும் எடுத்தயா… திரும்பப் போட்டயா… ம்… ம்… ஆரா இருந்தாலும் வந்து கூட்டிட்டுப் போவட்டுமுன்னா…

…அண்ணா, அழுவாத. நீ அழுதா எனக்குக் காது அடைக்குது, இதைக் கேக்கணும் நீ. கேளு. நட்டு கழலல… நான் சொல்றன், நட்டு கழலவே இல்ல. ரெண்டு பேரு செத்தது நெசம், அதை நான் இல்லைங்கல. ஆனா அது உன்னாலயில்ல… ஆறுதலுக்குச் சொல்லல! நான் போயிக் கண்ணால பாத்தன். சக்கரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் சோளக்காட்டுக்குள்ள கெடந்துச்சு. நட்டு ஒண்ணு விடாம அதுலயே இருந்துச்சு. இன்ஸ்பெக்டரு கழட்டிப் பாக்கறேன்னு ஸ்பேனரைப் போட்டாரு, அசையல. கைப்பிடியில பைப்பை மாட்டி ரெண்டு பேரு தொங்குனாங்க, அப்பத்தான் அசைஞ்சுது. அத்தனை முடுக்கு முடுக்கியிருந்த நீ…

…ஒடஞ்சது உள்ள அச்சு. சக்கரத்தைத் தாங்குமே, அந்தக் குத்தச்சு… ஆமா, அதான். ஒடஞ்ச எடத்துல பாதி வெள்ளையா பளிச்சுன்னு இருந்துச்சு, பாதி துருப் புடிச்சிருந்துச்சு. பழைய விரிசலாம். மேல கிரீசு, உள்ள விரிசல், ஆரு கண்ணுக்குத் தெரியும்?… டிரைவரு அன்னிக்கு மண்டையில ரத்தத்தோட வாயில வந்ததைக் கத்துனாரு. பத்து நாளுல அவரே வந்து நம்மூட்டு வாசப்படியில நின்னு அழுதுட்டுப் போனாரு. கோர்ட்டுலயும் அதையேதான் சொன்னாங்க, மெக்கானிக் மேல குத்தமில்லைன்னு. இதையெல்லாம் உங்கிட்ட வந்து சொல்லலாமுன்னா நீ எங்க இருந்த?… எங்க இருந்தன்னு கேக்கறன்! ஒரு கார்டு போட்டிருந்தா என்ன, ஒரே ஒரு கார்டு!…

…சரி. சரிண்ணா, திட்டல. திட்டல…

…ஏனுங்கம்மா?… ஆயிருச்சா? இன்னும் குடுங்கம்மா, கேட்டுட்டுத்தானே இருக்கறீங்க… அழுவறீங்களா நீங்களும்?… சரிங்கம்மா, சரிங்க.

அண்ணா?… இருக்கறயா?… ம். கேளு, என்ன கேக்கணும்… அண்ணியா?

…நல்லா இருக்கறாங்க. தையல் மெசினு வாங்கிப் போட்டு ரவிக்கை தெச்சுக் குடுக்கறாங்க. நம்ம ஊட்டுலதான் இருக்கறாங்க, எங்கயும் போவல… துக்கத்துக்குக் கறுப்புச் சேலையா? அதெல்லாம் கட்டல. சர்ச்சுச் சாமியாரு உம்பேருக்குப் பூசை வெக்கலாமுன்னு வந்து கேட்டாரு. செத்தவங்களுக்குத்தானுங்க சாமி அந்தப் பூசை, இவரு ஓடிப்போனவருன்னு அண்ணி திருப்பி அனுப்பிட்டாங்க…

…இங்கதான் நிக்கறாங்கண்ணா. மொதல்ல இருந்தே எம்பக்கத்துலதான். சாக்கெட்டைக் கையில குடுத்தன் காலையில, அப்ப இருந்து கீழ வெக்கல… பேசறயா? இரு…

அண்ணி, அண்ணன். இந்தாங்க… ஒரு வார்த்தை பேசுங்க… அண்ணி…

…வேண்டாங்கறாங்கண்ணா. தலையை ஆட்டறாங்க… கோவமான்னா எனக்கென்ன தெரியும்? அழுவல. செவுத்துல ஒட்டியிருக்கற பஸ் டைம் அட்டையைப் பாத்துட்டு நிக்கறாங்க… ம்? சொல்றன். அண்ணி, மாப்புக் கேக்கறாரு… கேட்டுட்டாங்க. அட்டையை உட்டுக் கண்ணெடுக்கல.

…வரமாட்டயா? ஏன்?… அந்த ரோட்டுல எப்படிக் காலு வெப்பன்னு கேக்கறயா? செத்த ரெண்டு பேரு ஊட்டுக்கும் நான் வருசந்தவறாமப் போயிட்டு வாரன். அவங்க உன்னயக் கேக்கறாங்க. அதுல ஆண்டிங்கறவரோட சம்சாரம், புருசனைப் பறிகுடுத்தவங்க, அவங்களே கேட்டாங்க, உங்கண்ணன் கெடைச்சானா சாமின்னு… மனசுல இருந்துதான் கேட்டாங்க. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறன்?…

…சரி, இப்பவே வர வேண்டாம். மனசு சரியானதும் வா. நான் வேணா அடுத்த வாரம் லீவு சொல்லிட்டு…

அண்ணி? எங்க போறீங்க?… அண்ணி!

…இரண்ணா, இரு… செருப்பை மாட்டிட்டாங்க… ஊட்டுக்குப் போறாங்களோ என்னமோ… இல்ல, இல்லண்ணா. ஊடு இந்தப் பக்கம். அவங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கமாத் திரும்பிட்டாங்க!… ஆமா, பஸ் ஸ்டாண்டுக்குத்தான்! வேற எங்க? கோலாருக்கு மாறிப் போறதுக்குப் பெங்களூர் பஸ் எத்தனை மணிக்குன்னு அந்த அட்டையில பாத்துட்டுத்தான் நின்னுருக்கறாங்க இத்தனை நேரமும்… மாத்துச் சேலை கூட எடுக்கலண்ணா, வெறுங்கையோட போறாங்க… கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாங்க…

…நான் வெக்கறன். ஓடிப் போயிப் புடிச்சாத்தான் உண்டு. ரெண்டு பேரும் வாரோம். நீ அந்த ஷெட்டை உட்டு நகந்துராத… நகர மாட்டயே?… வாயத் தொறந்து சொல்லு, தலையாட்டுனா எனக்கு எப்படித் தெரியும்…

…ம்.

…ம்ங்கறயா? அது போதும். வெச்சர்றன்.