பதினேழாம் கட்டிலின் வரி

காலையில் டீ குடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார எனக்குப் பிடிக்காது, மேடம். அன்றைக்கும் நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அப்பா நான் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில் சலவைப் பிரிவு. நான் மூன்றாம் மாடியில், புள்ளிவிவரப் பிரிவு. 'ஆர்' என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு பட்டியலில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர். இன்னொன்றில் டாக்டர் அன்று எழுதிய சீட்டு. முதல் வரியை முதல் வரியோடு, இரண்டாவதை இரண்டாவதோடு ஒப்பிடும். சீட்டின் எந்த மூலையில் அந்தப் பெயர் ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடும். எட்டு மாத உழைப்பு.

பிரிவுத் தலைவர் அதில் தன் பெயரைப் போட்டுக் கேடயம் வாங்கிக்கொண்டார். "சார், அதை நான்தானே எழுதினேன்" என்றேன். எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"உங்கப்பா கீழே பெட்ஷீட் துவைக்கிறார், நீ மேலே டேட்டா துவைக்கிற. துவைக்கிறவங்க துணிக்கு உரிமை கொண்டாடலாமாம்மா?"

அப்பாவிடம் சொன்னேன். "விடும்மா, பெரிய இடம். நாமதான் காதை மூடிக்கணும்" என்றார். அவருக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

தலைவர் பட்டியலைத் திறந்தே பார்க்கமாட்டார். கடைசி வரியில் 'பொருத்தம்: 0' என்று வந்தால், யாருக்கும் ஆபத்தில்லை என்று கையெழுத்து. மருந்து வார்டுக்குப் போய்விடும்.

பன்னிரண்டாம் தேதி, அவர் வருவதற்கு முன்பே நான் ஓட்டிப் பார்த்தேன். மூன்று பொருந்தின. பிறகு ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பெயர் வரிசையில் அடுக்கினேன். சீட்டுகளைக் கட்டில் எண் வரிசையிலேயே விட்டுவிட்டேன். இரண்டிலும் இருநூற்றுப் பத்து வரி. மெஷினுக்குச் சந்தேகம் வராது. ஒருவருடைய ஒவ்வாமையை இன்னொருவருடைய சீட்டில் தேடிவிட்டு, பூஜ்யம் என்றது. அவர் கையெழுத்துப் போட்டார்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. வார்டுக்கு போன் போட்டு, சீட்டு மாறிவிட்டது என்று சொல்லி இரண்டு பேருடைய மருந்தை நிறுத்தினேன். இரண்டு பேருக்கும் சின்னக் குழந்தைகள். மூன்றாவது ஆள் பதினேழாம் கட்டில், ஒரு தையல்காரம்மா. பார்க்க ஒருத்தரும் வராதவர். அவருக்கு ஊசி பதினொரு மணிக்கு. பதினொன்றரை வரை நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. தலைவர் மாட்டிக்கொள்ள ஒருவர் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அந்தக் கட்டிலின் விரிப்பை அப்பாதான் துவைத்தார். "பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்றார் சாப்பிடும்போது. நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

நீங்கள் தலைவரைக் கைது செய்ததோடு இது முடிந்திருக்கும். ஆனால் "புரோகிராம்ல தப்பு, எழுதினது அந்தப் பொண்ணு" என்றாராமே. கேடயம் வாங்கும்போது வராத ஞாபகம். அதனால்தான் நானாகவே வந்தேன். புரோகிராமில் ஒரு தப்பும் கிடையாது. வரிசையைக் கலைத்தது நான்.

அந்த அம்மாவைக் கொன்றது அவருடைய கையெழுத்து. நான் இரண்டு பேரைக் காப்பாற்றியிருக்கிறேன், மேடம். அதை நீங்கள் இன்னும் எழுதிக்கொள்ளவே இல்லை.