விளக்கு நிக்குது

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கே நான் அடுத்த கோடை லீவுக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுவேன். காலண்டரில் ஒவ்வொரு தேதியாகச் சிவப்பு மசியால் அடித்துக்கொண்டே வருவேன். "ஆஸ்டல் பிள்ளைக கூட இப்படி எண்ணாது. நீங்க வாத்தியாரா, இல்ல ஒண்ணாங்கிளாஸா?" என்று என் மனைவி நேசம்மாள் கேலி பண்ணுவாள். பண்ணிவிட்டுப் போகட்டும். இன்ஸ்பெக்டர் அய்யா, நீங்கள் கோவில்பட்டியில் குடியிருந்ததில்லை என்று நினைக்கிறேன். விடியுமுன் மில் சங்கு, அது ஓய்ந்தால் ரயில், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித் தீப்பெட்டி ஆபீஸ், அதில் குச்சி அடுக்குகிற நாற்பது பெண்களின் பேச்சு. இதெல்லாம் போதாதென்று பகலில் எனக்குப் பள்ளிக்கூடம். பத்தரை மாதம் இத்தனையையும் பொறுத்துக்கொள்கிறவன் ஒன்றரை மாதம் அமைதி கேட்டால் அது பேராசையா?

எப்போதும்வென்றானில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் இரண்டு மைல் தெற்கே போனால் அந்த வீடு. என் மாமனார் வேதமுத்து கட்டியது. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் என்பதால் வீடு நேசம்மாளுக்கு வந்தது. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். பருத்திமாரைப் பிடுங்கிப் போட்ட பிறகு கரிசல் காட்டில் ஒரு வேலையும் கிடையாது. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காலையில் பதநீர், மத்தியானம் நுங்கு, பின்னறையில் என் சாய்வு நாற்காலி. உடைமரத்தில் புறா கத்துவதைத் தவிர வேறு சத்தமே இருக்கக் கூடாத இடம் அது.

இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. என் மாமனார் மூன்று கிணறு வெட்டி மூன்றிலும் உப்புத் தண்ணீர் கண்டவர். நாலாவது கிணற்றில் நல்ல தண்ணீர் வந்ததும், ஊரே குடிக்கட்டும் என்று ஜெபம் பண்ணிப் பொதுவில் விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய நாற்காலி பின்னறையில் இல்லை. கிழக்கு வெளுக்கும்போது கப்பி கிறீச்சிட ஆரம்பித்தால், வெயில் ஏறும்வரை விடாது. குடம் இடிக்கிற சத்தம், சண்டை, சிரிப்பு. ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் பத்துத் தடவை புத்தகத்தை மூடுவேன்.

நான் எடுத்த எடுப்பில் எதையும் செய்துவிடவில்லை. முதல் வருஷம் கப்பிக்கு விளக்கெண்ணெய் போட்டேன். நாலு நாள் நன்றாக இருந்தது. அடுத்த வருஷம், காலை ஆறு முதல் ஏழு வரை என்று அட்டையில் எழுதிக் கிணற்றடியில் தொங்கவிட்டேன். "மணி அடிச்சாத்தான் தாகம் எடுக்கணுமாக்கும்?" என்று ஒருத்தி கேட்க, அத்தனை பேரும் சிரித்தார்கள். போன வருஷம் பின்வாசல் படலைப் பூட்டினேன். நேசம்மாள் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் திறந்துவிட்டாள்.

"எங்கய்யா வெட்டின கிணறு. இங்கன வந்து குடிக்க ஆள் இல்லன்னா எனக்கு இந்த வீடும் வேண்டாம், கோடையும் வேண்டாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. பேசவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாடக்கண்ணுவைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டுச் சாவி அவனிடம்தான் இருக்கும். பஸ் நிற்கிற இடத்துக்கு வண்டி கொண்டுவருகிறவனும் அவன்தான். கிணறுகளில் தூர் வாருவது அவன் தொழில், சுற்றுவட்டாரத்தில் அவன் இறங்காத கிணறு கிடையாது. எனக்கு அவன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. பருவத்தின் முதல் நுங்கை அவன் எனக்குத்தான் கொண்டுவருவான். ஒரு நாள் வண்டியில் போகும்போது, வழியில் உடைமுள் போட்டு மூடிய கிணறு ஒன்றைப் பார்த்தேன். ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டேன்.

"அதுல ஒரு பொம்பள விழுந்து செத்துப்போனா அய்யா. பதினோரு வருசம் ஆச்சு. ஆள் செத்த கிணத்துல குடிதண்ணிக்கு ஒருத்தரும் வாளி போட மாட்டாவ. முள்ளு வெட்டிப் போட்டு மூடிட்டாவ."

அந்த இடம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இந்த வருஷம் மே மாதம் ஐந்தாம் தேதி எங்கள் கிணற்றில் தூர் வார ஆரம்பித்தார்கள். மழை பொய்த்துத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. ஐம்பதடி ஆழக் கிணறு, வாய் குறுகலானது. அடியில் வருஷக்கணக்கான வேப்பிலைச் சகதி. இந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஆள் இறங்குமுன் எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே காற்றுக் கெட்டிருக்கிறது, யாரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டால் கிணற்றுக்குச் சொந்தக்காரர் "விளக்கு நிக்குது" என்று சொல்ல வேண்டும். அவர் வாயால் அதைக் கேட்காமல் தூர்காரன் கயிற்றைத் தொட மாட்டான். அதுவரைக்கும் கிணற்றுக்கு முதுகைக் காட்டி, தன் சாமி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பான். அவனாக எட்டிப் பார்ப்பது சாமிக் குற்றம் என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நான் சயின்ஸ் வாத்தியார்.

மாமனார் போனபிறகு விளக்கு இறக்குகிறவன் நான்தான். முதல் நாள் இறக்கினேன், சொன்னேன், மாடக்கண்ணு இறங்கினான், சாயங்காலம் கறுப்புச் சகதி அப்பிய உடம்போடு சிரித்துக்கொண்டு ஏறி வந்தான். "நாளைக்கு ஒரு நாள் போதும் அய்யா. அடியில ஊத்துக்கண்ணு தெரியுது. பெறவு பாருங்க, வருசம் பூரா வத்தாது" என்றான். வருசம் பூரா. அன்று இராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். நல்ல வெயில். சாமித்துரையும் மற்ற மூன்று பேரும் பத்தடி தள்ளிக் கயிற்றுப் பக்கம் நின்றார்கள். சாமித்துரை மாடக்கண்ணுவின் மைத்துனன். நேசம்மாள் உள்ளே எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் விளக்கை இறக்கினேன். பிறகு மேலே இழுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன்.

"விளக்கு நின்னுச்சா அய்யா?" என்று மாடக்கண்ணு திரும்பாமலே கேட்டான்.

"நிக்குது" என்றேன்.

அவன் இறங்கினான். அவ்வளவுதான் நடந்தது. கயிறு முக்கால்வாசி போயிருக்கும்போது ஒரு இருமல் கேட்டது. அதற்கப்புறம் பாரம் விட்டுப்போய்க் கயிறு தொளதொளத்தது. சாமித்துரை "மச்சான், ஏ மச்சான்" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்து, கஞ்சிக் கலயத்தோடு மாடக்கண்ணுவின் பெண்டாட்டி வெயிலுகந்தம்மாள் படலைத் திறந்துகொண்டு வந்தாள். விஷயம் தெரிந்ததும் கலயத்தைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துச் சுவரில் காலை வைத்துவிட்டாள். நான் பாய்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"எறங்காத. உள்ள காத்துக் கெட்டுக் கெடக்கு" என்றேன்.

நான் பிடித்திராவிட்டால் அவளும் போயிருப்பாள். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். உங்கள் ஏட்டையா எழுதிக்கொண்டுபோன காகிதத்தில் இது எங்கேயும் இல்லை. இப்போதாவது எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் சாமித்துரை என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கைப்பிடிச் சுவரில் இருந்த விளக்கைப் பார்த்தான். வெயிலில் ஒரு விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவன் கிட்டே போய், கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தான். வைத்தவன் எடுக்கவே இல்லை. எரிகிற விளக்கின் கண்ணாடி என்றால் கை பொசுங்கிப் போகும்.

வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டிக் கிணற்றுக்குள் மேலும் கீழும் ஆட்டினால் கெட்ட காற்றுக் கலையும். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அரைமணி நேர வேலைதான் அது. அதற்குப் பிறகு விளக்கு நின்றது, சாமித்துரை இறங்கினான், மாடக்கண்ணுவை மேலே கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒரு காயம் கூட இல்லை. ஏட்டையா வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பதினாறு நாள். அய்யா, உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். என் ஆயுளில் அப்படி ஒரு கோடை வாய்த்ததில்லை. விடிந்தால் புறாச் சத்தம் மட்டும்தான். கப்பி அசையவில்லை. இரண்டு தடித்த புத்தகங்களை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஊர்ப் பெண்கள் மூன்று மைல் நடந்து ஊருணிக் கலங்கல் தண்ணீரைச் சுமந்து வந்தார்கள். நேசம்மாளும் குடத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு போனாள். என்னோடு அதிகம் பேசவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழாம் நாள் காலையில் கப்பிச் சத்தம் கேட்டு விழித்தேன். கனவென்றுதான் நினைத்தேன். பின்வாசலுக்கு ஓடினால் ஊரே நிற்கிறது. பழைய தண்ணீரை முந்தின சாயங்காலமே இறைத்துவிட்டிருக்கிறார்கள், நான் பனங்காட்டுப் பக்கம் உலாவப் போயிருந்த நேரத்தில். ஊற்றுக்கண்ணிலிருந்து புதுத் தண்ணீர் ஊறியிருந்தது. ஆனாலும் கயிற்றைத் தொட ஒருவருக்கும் தைரியம் வரவில்லையாம். வெயிலுகந்தம்மாள்தான் முதல் வாளியைப் போட்டாள்.

"அவிய செத்தது இந்தத் தண்ணி ஊறத்தான? நாம குடிக்காம முள்ளு வெட்டிப் போட்டா, அவிய எதுக்குச் செத்தாவளாம்?" என்று சொல்லிவிட்டு, வாளியோடு தூக்கி மடமடவென்று குடித்தாள். கழுத்தெல்லாம் நனைந்துபோயிற்று. என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

சாமித்துரை அன்றைக்குத்தான் நேசம்மாளிடம் விளக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, என் சாய்வு நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"எங்கய்யா கிணத்துல வச்சு அந்த மனுசன் உங்க வார்த்தைய நம்பி எறங்கினாரு. வெளக்கு நின்னுச்சா?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அதனால் பதில் சொல்லவில்லை. "எந்திரிங்க" என்றாள். பஸ் ஏற்றி இங்கே கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். வெளியே உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் கேட்பதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து அடியில், கயிற்றின் மூன்றாவது முடிச்சில், விளக்கு அணைந்தது. சுடர் முதலில் நீலமாகி, குட்டையாகி, அப்புறம் போய்விட்டது. அது எந்த வாயுவால் என்று ஏழாம் வகுப்புக்கு நான் பாடம் நடத்துகிறேன். அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் "நிக்குது" என்று சொன்னேன். அவன் இறங்கினால் செத்துப்போவான் என்று தெரியும். செத்துப்போனால் கிணற்றுக்கு ஒருவரும் வர மாட்டார்கள் என்பதும் தெரியும். இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நான் அவனைத் தள்ளவில்லை, அதை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

வீட்டுச் சாவியை நேசம்மாள் வெயிலுகந்தம்மாளிடம் கொடுத்துவிட்டாள். இனிமேல் அவள் அங்கேயே குடியிருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறாள். ஏதோ கோபத்தில் செய்தது. அடுத்த சித்திரைக்குள் ஆறிவிடும். கப்பிக்கு அப்போது நல்ல எண்ணெயாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

அய்யா, இங்கே எனக்கு ஒரு காலண்டர் கிடைக்குமா?