ஏரிக்குள் இறங்கியவன்

"தண்ணிக்கை இறங்குங்கோ! தலையைத் தாழுங்கோ!"

ஓட்டி கத்துகிறான். கிளாலி நீரேரி. 1993. விடிந்துவிட்டது. இருட்டோடு கரை சேர்ந்திருக்க வேண்டிய படகு. இயந்திரம் நின்று நடுநீரில் கிடக்கிறது. ஹெலி முதலில் ஒலியாகத்தான் வரும். டப், டப், டப். பிறகு தையல் மெஷின் ஓடுவது போல. துப்பாக்கிச் சன்னம் நீரில் விழும்போது 'சிக்' என்று மட்டும் கேட்கும்.

குதித்தோம். நெஞ்சளவு நீர். என் மகன் சேந்தன் தாயின் தலையைப் பிடித்து நீருக்குள் அமுக்குகிறான். தானும் தாழ்கிறான். ஒலி கடந்ததும் இருவரும் எழுகிறார்கள். மூச்சு. மறுபடி ஒலி. மறுபடி தாழ்கிறார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. என் மனைவிக்கு நீந்தத் தெரியாது. அவள் இன்று உயிரோடிருப்பது அவன் கையால்.

நான் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் செத்தால் யார் வந்து சொல்ல வேண்டும், எந்தச் சாட்சி செல்லும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று கரையில் எவரும் என்னிடம் எதையும் பதியக் கேட்கவில்லை. பிணங்களை மணலில் கிடத்திவிட்டு நடந்தோம்.

அடுத்த வருடம் சேந்தனை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்தோம். மூத்தவள் வாணி இத்தாலியில், பலெர்மோவில் வீட்டுவேலை செய்கிறாள். அவளிடம் போய்ச் சேர வேண்டும். ஏஜென்சிக்காரன் அவனைப் பிலிப்பைன்சுக்கு அனுப்பினான். இத்தாலிக்குக் கிழக்கே போய் வரும் வழி. உலகப்படம் பார்த்தவர்கள் சிரிக்கலாம். மணிலாவுக்குத் தெற்கே ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில், வேறு சில பொடியன்களோடு ஒரு வீட்டில் காத்திருந்தான்.

நாங்கள் இருவரும் வாணி எடுத்த விசாவில், முறைப்படி, பலெர்மோவில் அவள் இருந்த அல்பெர்கேரியாப் பகுதிக்கு வந்து இறங்கினோம். வந்த கையோடு தொலைபேசி. அந்த வீட்டிலிருந்த பொடியன் ஒருவன். சேந்தன் ஏரியில் மூழ்கிவிட்டானாம். புதைத்துவிட்டார்களாம்.

மனைவி நம்பவில்லை. நீந்தத் தெரிந்தவன் எப்படி மூழ்குவான், அது வேறு யாரோ என்றாள். பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பெர்மெஸ்ஸோ வந்த அன்று சொன்னாள்.

"உங்கடை சட்டத்தை மூடிவைச்சிட்டு எழும்புங்கோ. போய்க் கண்ணாலை பாருங்கோ. அவனெண்டால் எரிச்சுச் சாம்பலைக் கொண்டுவாங்கோ. இல்லையெண்டால் அவனைத் தேடிக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

1995. பிலிப்பைன்ஸ் விசாப் படிவத்தில், பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் 'சுற்றுலா' என்று எழுதினேன். வாணி வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா, ஏரி மிக அழகாக இருக்குமாம், படம் எடுத்து வரட்டும் என்று சொல்லியனுப்பினாள்.

அழகான ஊர்தான். தேவாலயம். ஒரு படகுத்துறை. ஏரி நெடுக மூங்கில் நட்டு, வலை கட்டி, மீன் வளர்க்கிறார்கள். பொடியன்கள் தங்கியிருந்த வீடு நேனா என்ற விதவையுடையது. அவளுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும். நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்தாள். பிறகு விடவில்லை.

அவள் சொன்னது இது. அன்று ஊரின் புனிதருக்குப் பெருநாள். பெருநாளை விடியலில் வாணவெடி கொளுத்தித் தொடங்குவது அவர்கள் வழக்கம். பொடியன்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. முதல் வெடிக்கு மற்றவர்கள் கட்டிலின் கீழ் புகுந்தார்கள். சேந்தன் வெளியே ஓடினான். நேரே ஏரிக்குள் இறங்கினான். வெடித்தால் தாழ்ந்தான். ஓய்ந்தால் எழுந்தான். துறையில் நின்றவர்கள் பெருநாள் குளியல் என்று நினைத்துக் கைகாட்டினார்கள். சிரித்தார்கள். ஒருமுறை தாழ்ந்தவன் எழவில்லை. மூங்கிலடி வலையில் கால் சிக்கியிருந்தது.

அதற்கு மேல் எனக்கு அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை.

நேனா அவனைத் தன் கணவனின் கல்லறைக்குப் பக்கத்தில், தனக்கென்று வைத்திருந்த இடத்தில், கிடத்தியிருந்தாள். மேலே எழுதியிருந்த பெயர் சேந்தன் அல்ல. ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டில் இருந்த பெயர். தோண்டி எடுத்து எரிக்க அனுமதி கேட்டேன். நெருங்கிய உறவினர் கேட்க வேண்டும் என்றார் நகராட்சி எழுதுவினைஞர். நான் தகப்பன் என்றேன். அந்தப் பெயருக்கு நான் தகப்பன் அல்ல. மரியாதையாக மறுத்தார். நானும் மறுத்திருப்பேன். இவ்வளவு மரியாதையாக அல்ல.

பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் மொரீசியஸ்காரர் கடையில் வாங்கிய கற்பூரத்தைக் கல்லறையில் கொளுத்தினேன். தேவாரம் வாயில் வரவில்லை. நேனா தன் மொழியில் ஏதோ சொல்லி முடித்தாள். அதுவும் போதும் என்று பட்டது.

பலெர்மோவில் மனைவி கதவைத் திறந்தாள். என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று படிக்கட்டைப் பார்த்தாள். உள்ளே வந்து எல்லாம் சொன்னேன். வெடி. ஏரி. வலை. எழுதுவினைஞரின் பதில்.

"தாழேக்கை ஆரும் பக்கத்திலை இல்லையோ?" என்றாள்.

"இல்லை."

"என்னைத்தான் தேடியிருப்பான். தலையைப் பிடிக்க."

எழும்பிப் போய்த் தலை முழுகினாள்.

இனி, போரில் போனவற்றின் கணக்கு. ஊரில் வீடு ஒன்று. கூரையும் இல்லையாம். கிளாலியில் எங்கள் படகில் இறந்தவர்கள்: ஓட்டி. ஒரு ஆசிரியை. அவருடைய பிள்ளைகள் இருவர். சைக்கிளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்த மனிதர். பெயர் கேட்க நேரமில்லாமற்போன ஒரு முதியவர். ஆறு பேர். சேந்தனை எவரும் போரில் இறந்தவனாக எண்ணமாட்டார்கள். நாடு வேறு. பெயர் வேறு. காரணம், நீரில் மூழ்கியது. என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அப்படித்தான் பதிந்திருப்பேன்.

நான் இப்போது பதிவாளர் அல்ல. அந்தப் படகில் இறந்தவர்கள் ஏழு பேர்.