ஓர் ஆணிகூட அடிக்காத தரை

பேரம் பேசத் தெரியாதவர்கள்தான் மலிவுச் சரக்கை மட்டம் என்பார்கள். என் அப்பா ப்ளோவ்திவ் சந்தையில் கடை வைத்திருந்தவர். அந்த லேமினேட் பலகைகளைக் கடையை மூடிக்கொண்டிருந்த ஒருவனிடமிருந்து, மிச்சமிருந்த பெட்டிகளோடு மொத்தமாக அள்ளி வந்தேன். பார்வைக்கு ஓக் மரம்தான். தண்ணீர் பட்டால் உப்பும். படாமல் பார்த்துக்கொண்டால் ஆயிற்று.

என் மனைவியின் அண்ணன் ஸ்டாமெனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். தரையிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும், ஐயா.

ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் பார்த்தால் நம்மூரில் முதல் கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும்: "யாரு போட்டது இது?" கேட்கும்போதே உதடு கோணிவிடும். என் கல்யாணத்திலிருந்து ஸ்டாமென் அதை மட்டுமே கேட்டு வந்தார். குளியலறை ஓடுகளைப் பார்த்து, வேலிக் கதவைப் பார்த்து, ஒருமுறை நான் வைத்த பீன்ஸ் சூப்பைப் பார்த்துக்கூட.

என் மனைவி ருமியானா, தன் தங்கையின் பிரசவத்துக்காக புர்காஸ் போயிருந்தாள். திரும்புவதற்குள் சமையலறைத் தரையை முடித்து அவளை அசத்த நினைத்தேன். பழைய மரத்தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை. மேலே ஃபோம் விரித்து, பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் போதும். ஆணி இல்லை, பசை இல்லை. தரை சும்மா மேலே மிதந்து கிடக்கும்.

பாதி வேலையில் ஸ்டாமென் வந்தார், கையில் ராக்கியா சாராயக் கிளாசோடு.

"யாரு மாப்ள போட்டது இது? கண்ணு தெரியாதவனா?"

"நான்தான் மச்சான்."

"அதான பாத்தேன். மிதிச்சா வாத்து கத்துது. இதுமேல கனமா எதையும் வெச்சுடாத, தரை அசையணும். ஆமா, நிலவறைக் கதவுக்கு எப்படி வெட்டப் போற? நீ வெட்டுறதுக்கு எலிய விட்டா சுத்தமா கடிச்சுக் குடுக்கும்."

சிரித்துக்கொண்டே, சமையலறைத் தரையிலேயே பதிந்திருந்த அந்தக் கதவைத் தூக்கி, முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயைக் கிளறிவிடக் கீழே இறங்கினார். பாதிப் படியிலிருந்து, "நான் மேல வந்து பாப்பேன்!" என்றார்.

கீழிருந்து குளிர்காற்று வந்தது. கதவை மூடினேன். மூடிய கதவைத் தாழிடுவது அந்த வீட்டு வழக்கம். தாழ்ப்பாளைப் பொருத்தியவர் ஸ்டாமெனின் அப்பா, நானில்லை. நிலவறையின் ஒரே ஜன்னலைச் சென்ற வருடம் செங்கல் வைத்து அடைத்தவர் ஸ்டாமெனேதான். நல்ல வேலை, அதை மறுக்க மாட்டேன்.

பலகை ஒரு பெட்டிதான் பாக்கி. கதவுக்காக வெட்டினால் பாதி வீணாகும், அழகும் கெடும். கதவுக்கு மேலேயே முழுசாகப் போட்டால் கச்சிதமாக வரும். சந்தைக்காரன் பிள்ளைக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கோத்தேன். கீழிருந்து அவரும் தட்டினார். அங்கிருந்துகொண்டும் குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஃபோம் ஓசையை அடக்கும் என்று சுருளின் மேல் அச்சடித்திருந்தது. விலையைப் பார்த்து நான் நம்பவில்லை. கடைசிப் பலகை பொருந்தியதும் நம்பினேன்.

பிறகு மாமியாரின் பாத்திர அலமாரியை அந்த இடத்துக்கு இழுத்து வைத்தேன். கனமாக எதையும் வைக்காதே என்றார் அல்லவா, அந்த ஒன்றில் மட்டும் அவர் பேச்சைத் தட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ருமியானா வந்தாள். குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்து, "கிறீச்சுன்னு ஒரு சத்தம்கூட இல்லியே!" என்றாள். என் வேலைக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் பாராட்டு. அது அரை நாள்கூட நிலைக்கவில்லை. ஊறுகாய் எடுக்கப் போனவள் கேட்டாள்.

"நிலவறைக் கதவு எங்கங்க?"

"கதவுக்கு வெட்டினா அழகு போயிடும்மா."

"அண்ணன் எங்க? ஃபோனே எடுக்கலியே."

நான் அலமாரியைத் துடைக்கத் தொடங்கினேன். அவள் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் போலீசுக்கு ஃபோன் செய்து உங்களைக் கூப்பிட்டாள்.

நீங்கள் அலமாரியை நகர்த்தினீர்கள், பலகைகளைக் கழற்றினீர்கள், தாழைத் திறந்து இறங்கினீர்கள். திரும்பி மேலே வந்தபோது உங்கள் முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து, "யாரு போட்டது இது?" என்று கேட்டீர்கள். உதடு கோணாமல் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்.

நான்தான் போட்டேன், ஐயா. தனி ஆளாகப் போட்டேன். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. மேலே வரவேண்டும் என்று நினைத்திருந்தால் அவர் வந்திருக்கலாம்.