கோஸ் தீவுக்கு இரண்டு ரிக்கெற்

கிரேக்கத் தீவுகளுக்குப் போறதெண்டால் ஜூன் முடியிறதுக்குள்ள போகவேணும், தம்பி. பிறகு சரியான வெயில். சனமும் கூட. கடல் பார்த்த அறையளை மற்ற ஆக்கள் முந்தியே எடுத்துப்போடுவினம். பரிஸ் லா சப்பலில பிளேன் ரிக்கெற் கடையில நான் இருபது வருசத்துக்கு மேலை இருக்கிறன். எங்கட சனம் முந்திக் கொழும்புக்கும் சென்னைக்கும்தான் கேட்டு வாறது. இப்ப பிள்ளையள் வளர்ந்திட்டுதுகள். லிஸ்பன், ரோம், கிரேக்கம் எண்டு கேக்குதுகள். கேக்கக் கேக்க நானும் பழகிக்கொண்டன். எந்தத் தீவில மணல், எதில கல்லு, எதில பின்னேரம் காத்துத் தூக்கி எறியும், எல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒருக்காலும் போனதில்லை.

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது. போனை மேசையில வைச்சிருக்கிறியள். அது பதியிதெண்டு எனக்கு விளங்குது. பரவாயில்லை, இருக்கட்டும். உங்கட தம்பி ஐங்கரனுக்கு என்ன நடந்ததெண்டு கேக்கக் கனடாவில இருந்து வந்திருக்கிறியள். கத்தாமல் கேட்டியள். அதாலைதான் இருத்தி வைச்சுச் சொல்லுறன்.

லக்ஷனா எனக்கு ஒரே பிள்ளை. அவளின்ர அப்பா, வாமதேவன், அவள் பள்ளிக்கூடம் முடிக்க முதலே போய்ச் சேர்ந்திட்டார். அதுக்குப் பிறகு இந்தத் திரான்சி வீட்டில நானும் அவளும்தான். அவள் படிச்சு ஆஸ்பத்திரி ஒண்டில இரத்தம் சோதிக்கிற பகுதியில வேலை எடுத்தாள். வேலை முடிய என்னைக் கூட்டிக்கொண்டு போகக் கடைக்கு வருவாள். எங்கட கடைக்குப் பக்கத்தில இருக்கிற சாப்பாட்டுக்கடையில உங்கட தம்பி குசினிக்குள்ள நிண்டவர். எனக்காகப் பார்த்துக்கொண்டு நிக்கேக்கை அவளுக்கு ஒரு வடை, ஒரு பிளேன்ரீ எண்டு குடுத்துப் பழகியிருக்கிறார். நான் கண்டும் காணாமல்தான் இருந்தனான். அது என்ர பிழை.

முதல் தரம் வீட்டை வரேக்கை ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்தவர். நான் வேண்டாம் வேண்டாம் எண்ண, தானே குசினிக்குள்ள போய்த் துப்புரவாக்கிக் கறி வைச்சார். ஓட்டைக் கழட்டின விதத்தைப் பார்த்திட்டுத்தான் ஊர் எதெண்டு கேட்டனான். ஒளிக்காமல் சொன்னார். உங்கட ஊர்ச் சனத்தை எனக்குச் சின்னனில இருந்து தெரியும், தம்பி. எங்கட வீட்டுக்கு மீன் கொண்டுவருவினம். படலைக்கு வெளியில நிண்டு குடுத்திட்டுப் போவினம். உள்ளுக்கு வரமாட்டினம். நல்ல மரியாதையான சனம். எனக்கு அவையளில ஒரு குறையும் இல்லை. நான் சாதி பார்க்கிற ஆள் இல்லை. பிரான்சுக்கு வந்த பிறகு ஆர் உதுகளைப் பார்க்கினம்? எனக்கிருந்த கவலை அவரின்ர வதிவிடக் கார்த்தைப் பற்றித்தான்.

உங்களுக்கு அது தெரியும்தானே. அகதி வழக்கை இரண்டு தரமும் தள்ளிப்போட்டாங்கள். இருக்கிறதுக்குக் கார்த் இல்லை. பொலீசைக் கண்டால் மெற்றோவில அடுத்த பெட்டிக்கு மாறுவார். அப்பிடி எட்டு வருசம் இருந்திருக்கிறார். லக்ஷனா பிரெஞ்சுப் பிள்ளை. இலையுதிர் காலத்தில மெரியில, நகரசபையில, கலியாணத்தை எழுதினால் பிறகு கார்த்துக்கு வழி பிறக்கும் எண்டு இரண்டு பேரும் முடிவெடுத்து வைச்சிருந்தவை. என்னட்டை வந்து சொன்னவை. நான் ஓம் எண்டனான். ஏன் குறுக்கை நிப்பான்? நான் குறுக்கை நிண்டால் அவள் அவரோடை போயிருப்பாள். எனக்கு அவளை விட்டால் ஆரும் இல்லை.

அப்பதான், கலியாணத்துக்கு முதல் இரண்டு பேரும் ஒரு கிழமை எங்கையாவது போட்டு வாங்கோ, நான் பார்த்துச் செய்யிறன் எண்டு சொன்னனான். லக்ஷனா என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதாள். அவளின்ர அப்பா போனதுக்குப் பிறகு அப்பிடி அவள் என்னைக் கட்டிப்பிடிச்சதில்லை.

இந்த மேசையிலதான் மூண்டு பேருமாய் இருந்து பார்த்தனாங்கள். அவள் வெள்ளை வீடு, நீலக் கூரை எண்டு படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஐங்கரன் ஒண்டும் கேக்கேல்லை. என்ன விருப்பம் சொல்லுங்கோ எண்டு நான்தான் கேட்டனான். "கடலுக்குள்ள இறங்கி நிக்கக்கூடிய இடமெண்டால் எனக்குக் காணும், அன்ரி" எண்டார். பரிஸுக்கு வந்ததில இருந்து அவர் கடல் காணேல்லையாம். அதைக் கேக்க எனக்குப் பாவமாய் இருந்தது. உண்மையாத்தான் சொல்லுறன். அவருக்கு நல்ல மணல் உள்ள இடமாய்ப் பார்க்கவேணும் எண்டு நினைச்சனான்.

நான் கோஸ் எண்ட தீவைத் தெரிஞ்செடுத்தனான். நல்ல மணல். அலை இல்லை. கரையில நிண்டு பார்த்தால் துருக்கி தெரியும். அவ்வளவு கிட்ட. அதாலை அந்தப் பக்கத்தில இருந்து அகதிச் சனம் வள்ளங்களில வாற தீவு அது. அதாலை அங்கை பொலீசும் கூட. எயார்போட்டும் சின்னன். பெரிய எயார்போட்டெண்டால் சனத்துக்குள்ள சனமாய்ப் போயிடலாம். சின்னதில ஒவ்வொரு முகமாய்ப் பார்ப்பாங்கள். எங்களைப் போல நிறமெண்டால் இரண்டு தரம் பார்ப்பாங்கள். இதெல்லாம் எங்கட தொழிலில நாங்கள் தெரிஞ்சு வைச்சிருக்கவேண்டிய விசயங்கள். கார்த் இல்லாத பிள்ளையள் வந்து கேட்டால், வேண்டாம், கிரேக்கப் பக்கம் போகாதேங்கோ எண்டு நானே எத்தினை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பன்.

கடையில என்னோடை மதலேன் எண்டு ஒரு பாண்டிச்சேரிப் பொம்பிளை வேலை செய்யிறா. ரிக்கெற்றில பேரைக் கண்டிட்டு, "என்ன புனிதா, அந்தப் பையன்கிட்ட கார்த் இல்லையே. போறப்போ ஒண்ணும் ஆகாது, திரும்பறப்போ பிடிச்சிடுவாங்களே" எண்டு கேட்டவ. புதுசாய்க் கார்த் கிடைச்சிட்டுதெண்டு சொன்னனான். அவ சந்தோசப்பட்டுக் கோயிலில மெழுகுதிரி கொளுத்துறன் எண்டா. நல்ல மனுசி.

ஐங்கரனும் கேட்டவர். லக்ஷனா குளிக்கப் போன நேரம் குசினி வாசலில வந்து நிண்டு கேட்டவர்.

"அன்ரி, எனக்குக் கார்த் இல்லையெல்லோ. பிரச்சினை வராதோ?"

"ஐரோப்பாவுக்குள்ள போறதுக்கு ஆர் தம்பி கேக்கப் போகினம்? எவ்வளவு சனத்தை நான் அனுப்பியிருப்பன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு லக்ஷனாவிட்டையும் கேட்டிருப்பார் போல. அம்மாவின்ர வேலையே இதுதானே, அவவுக்குத் தெரியாததோ எண்டு அவள் அறைக்குள்ள நிண்டு பிரெஞ்சில சொன்னது எனக்குக் கேட்டது. பிள்ளை என்னை அவ்வளவுக்கு நம்பினாள்.

நான்தான் அவையளை எயார்போட்டுக்குக் கொண்டுபோய் விட்டனான். வழிக்குச் சாப்பிட இடியப்பமும் சம்பலும் கட்டிக் குடுத்தனான். போகேக்கை ஒரு பிரச்சினையும் இல்லை.

அங்கையிருந்து ஒவ்வொரு நாளும் படம் அனுப்பினாள். ஒண்டு மட்டும் இப்பவும் என்ர போனில இருக்குது. ஐங்கரன் உடுத்த உடுப்போடை நெஞ்சளவு தண்ணிக்குள்ள நிக்கிறார். கையை இரண்டு பக்கமும் விரிச்சுத் தண்ணிக்கு மேலை வைச்சிருக்கிறார், பிள்ளையைத் தடவுற மாதிரி. சிரிக்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறார். கீழ லக்ஷனா எழுதியிருந்தாள்: "வெளியில வாறார் இல்லை, அம்மா. கூப்பிட்டுக் களைச்சுப் போனன்." நான் மெற்றோவில நிண்டு அதைப் பார்த்தனான். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போயிட்டுது. அவையள் திரும்பிறதுக்கு இன்னும் நாள் இருந்தது. போன் எடுத்து, பிளேனில வரவேண்டாம், அவரை அங்கையே கொஞ்சநாள் இருக்கச் சொல்லு, நான் வேறை வழி பார்க்கிறன் எண்டு சொல்லியிருக்கலாம். போனைக் கையில வைச்சுக்கொண்டுதான் நிண்டனான். பிறகு பைக்குள்ள வைச்சிட்டன்.

திரும்பி வரேக்கை கோஸ் எயார்போட்டில அவரைப் பிடிச்சாங்கள். லக்ஷனாவைப் போகச் சொல்லியிருக்கிறாங்கள். அவள் போகமாட்டன் எண்டு நிலத்தில இருந்திட்டாளாம். கடைசியில ஐங்கரன்தான், நீ போ, போனால்தானே எனக்கு ஏதும் செய்யலாம் எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் தனிய வந்தாள். அவரின்ர பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். நான் அவளைப் பிடிச்சுக்கொண்டு அழுதனான். நடிச்சனான் எண்டு நினைக்காதேங்கோ. அவள் அழுதால் எனக்கும் அழுகை வரும். பிறந்ததில இருந்து அப்பிடித்தான்.

திருப்பி ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள், அதோடை முடிஞ்சிடும் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். ஊரில அவருக்குத் தாய் இருக்கிறா, கடல் இருக்கிது. அது அவருக்கு அநியாயம் எண்டு எனக்குத் தோன்றேல்லை. ஆனால் அவங்கள் கொஞ்சக் காலம் அடைச்சு வைச்சிட்டு, நாட்டை விட்டுப் போ எண்டு ஒரு துண்டைக் குடுத்து வெளியில விட்டிட்டாங்கள். ஏதென்சில எங்கட பெடியளின்ர அறை ஒண்டில போய் ஒதுங்கினார். லக்ஷனா அங்கை வழக்குப் பேசுற ஒரு பொம்பிளை அவொக்காவைப் பிடிச்சாள், பிரெஞ்சு கதைக்கிறவ. உனக்கு வேலையில போன் எடுக்க விடமாட்டாங்கள், என்ர நம்பரைக் குடு, நான் எப்பவும் போனடியிலதானே எண்டு நான்தான் சொன்னனான்.

அந்த அவொக்கா உங்களுக்குச் சொல்லித்தானே வந்திருக்கிறியள். ஓம், அவ கடைக்கு எடுத்துக் கதைச்சவ. வழி ஒண்டு பிறந்திருக்கிது, லக்ஷனா அங்கை போய்க் கலியாணத்தை எழுதலாம், அதுக்கு நாள் குடுத்திருக்கிறாங்கள், அதுமட்டும் அவர் ஏதென்சை விட்டு அசையக்கூடாது, இரண்டு பேருக்கும் உடனை சொல்லுங்கோ எண்டா. நான் நன்றி சொன்னனான். மறந்து போனன் எண்டு பிறகு லக்ஷனாவுக்குச் சொன்னது பொய். அண்டு முழுக்க அது என்ர தலைக்குள்ளதான் நிண்டது. இரவு அவள் சாப்பிடாமல் படுத்திருக்க, பக்கத்தில இருந்து தலையைத் தடவிக்கொண்டு, ஒரு செய்தியும் இல்லை பிள்ளை எண்டு சொன்னனான்.

அடுத்தநாள் மத்தியானம் ஐங்கரன் எடுத்தார். கடையில நல்ல சனம். லக்ஷனா போன் எடுக்கிறாள் இல்லை எண்டார். அறையில இருந்த பெடியள் துறைமுகத்துக்கு வெளிக்கிடுறாங்களாம். தோடம்பழம் ஏத்தின குளிர் லொறி ஒண்டு, கப்பலில ஏறி இத்தாலிக்குப் போகுதாம். தனக்கும் இடம் இருக்காம். அவொக்கா ஏதும் சொன்னவவோ எண்டு கேட்டார். ஒண்டும் சொல்லேல்லை எண்டனான்.

இத்தாலியில அந்த லொறியைத் திறக்கேக்கை மூண்டு பேர் உயிரோடை இல்லை. காத்துப் போற ஓட்டை இருக்கேல்லையாம். அது உங்களுக்குத் தெரிஞ்ச கதை. லக்ஷனாதான் போய் அடையாளம் காட்டினவள். இப்ப லியோனில வேலை மாத்திக்கொண்டு போயிட்டாள். நான் எடுத்தால் போனை எடுக்கிறாள், ஆனால் கதைக்கிறாள் இல்லை. மூச்சு மட்டும் கேக்கும். நான் சாப்பிட்டியோ எண்டு கேட்டுப்போட்டு வைச்சிடுவன்.

கடைசியாய் அவருக்கு நான் என்ன சொன்னனான் எண்டு நீங்கள் கேட்டதுக்கு இன்னும் மறுமொழி சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். சொல்லுறன். ஒண்டும் சொல்லேல்லை எண்டு நான் சொன்ன பிறகும் அவர் போனை வைக்கேல்லை. பின்னால பெடியள் கெதியா வா எண்டு அவரைக் கூப்பிடுறது கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில எனக்கு வாய் வரைக்கும் வந்தது, தம்பி. நில்லுங்கோ, ஏறாதேங்கோ, நாள் குடுத்திருக்கிறாங்கள் எண்டு சொல்லத்தான் வாய் திறந்தனான். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை.

அப்பதான் அவர், "நீங்கள் என்ன சொல்லுறீங்களோ அதைச் செய்யிறன், அம்மா" எண்டார். அதுவரைக்கும் அன்ரி எண்டுதான் கூப்பிட்டவர்.

அம்மாவாம். என்னை.

ஏறுங்கோ எண்டு சொன்னனான்.